நடுங்கும் கைக்கு ஒரு காப்பு

(ராசாவில் நடைபெற்ற மூத்தோர் நலநாள் கூட்டத்தில், ஆலய நிர்வாகக் குழு உறுப்பினரும் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூத்தோர் நலநாளில் பேச வேண்டும் என்று தலைவர் அவர்கள் கேட்டுக்கொண்டபோது, திருக்குறளைப் பற்றியோ தேவாரத்தைப் பற்றியோ நான் பேசுவேன் என்று உங்களில் பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கை நடுக்கம். அதற்குக் காரணம் உண்டு.

அண்மையில் நமது மருத்துவ உதவி நிதிக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. கைக்கடிகாரம்போல் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு மின்கருவி இருக்கிறதாம். அதைக் கட்டினால் நடுக்கம் நின்றுவிடுமாம். நம் ஆலயத்துக்கு வரும் மூத்தோர் சிலருக்கு நிதியிலிருந்து அதை வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். ஒரு விற்பனையாளர் படம் போட்ட தாளோடு வந்து அதை விளக்கிவிட்டும் போனார். செயலவையில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. "வயதான காலத்தில் ஒரு வாய் சோறு சிந்தாமல் சாப்பிட உதவினால், அதைவிடப் பெரிய அறம் என்ன?" என்றார் ஒருவர். "அன்பர்கள் உண்டியலில் போட்ட காசு, ஆராயாமல் எப்படிக் கொடுப்பது?" என்றார் மற்றவர். இருவர் சொன்னதும் நியாயமே. ஆகவே முடிவெடுப்பதற்கு முன் விவரம் திரட்டிச் சொல்லுமாறு என்னைப் பணித்தார்கள். நான் மருத்துவன் அல்லன். படித்துப் புரிந்துகொண்டதை எளிமையாக எடுத்துச் சொல்லும் தொழிலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தவன். அந்த முறையில்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

எல்லா நடுக்கமும் ஒன்றல்ல

அன்பர்களே, நம் கைகள் எப்படிப்பட்ட கைகள் என்பது உங்களுக்குத் தெரியும். விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டை கனமாகப் போய்விடாமலும் மரம் காயப்படாமலும் ஒரே சீராக மரம் சீவிய கைகள் அவை. அப்படிப்பட்ட கை ஒரு நாள் தேநீர்க் குவளையைப் பிடிக்க முடியாமல் ஆடும்போது, அந்த மனிதர் படும் கூச்சத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். "கிழவன் கள்ளுக் குடித்திருக்கிறான்" என்று சிலர் சிரிப்பார்கள். "நரம்புத் தளர்ச்சி" என்பார்கள் சிலர். "சனி பிடித்திருக்கிறது" என்று பரிகாரம் சொல்லவும் ஆள் உண்டு. அவரோ அன்னதானப் பந்திக்கு வருவதையே நிறுத்திவிடுவார்.

நடுக்கத்துக்குக் காரணங்கள் பல. தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தால் கை நடுங்கும். ஆஸ்துமாவுக்கு உள்ளிழுக்கும் சில மருந்துகளாலும் நடுங்கும். மன அமைதிக்காகக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளும் காரணமாகலாம். இவற்றை நீக்கிப் பார்த்தால், முதியவர்களிடம் நாம் அதிகம் காண்பவை இரண்டு. ஒன்று, பரம்பரையாகவும் வரக்கூடிய சாதாரண நடுக்கம். மருத்துவர்கள் இதை எசென்ஷியல் டிரெமர் என்பார்கள். மற்றொன்று பார்க்கின்சன் நோய், தமிழில் நடுக்குவாதம்.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஆலயத்திலேயே ஓர் அடையாளம் கிடைக்கும். தீர்த்தம் வாங்கக் கையை நீட்டும்போதும், குவளையை வாயருகே கொண்டுபோகும்போதும் கை ஆடினால், அது பெரும்பாலும் முதல் வகை. பஜனையைக் கேட்டபடி மடியில் சும்மா கிடக்கும் கை, ஒரு பக்கம் மட்டும், கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாத்திரையை உருட்டுவதுபோல் ஆடினால், அது பார்க்கின்சனாக இருக்கக்கூடும். இந்த ஓய்வு நிலை நடுக்கம் ஒரு வினாடிக்கு 4 முதல் 6 முறை வரை ஆடும். கையை வேலைக்கு எடுத்தால் குறையும். ஆனால் பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்குக் கையைத் தூக்கிப் பிடிக்கும்போதும் வேலை செய்யும்போதும்கூட நடுக்கம் உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கருவியைப் பற்றிச் சொல்லும்போது இது மிகவும் தேவைப்படும்.

நோயின் வரலாறும் சென்னையின் பங்கும்

1817ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர், நடுக்கத்தோடு கூடிய வாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் விவரித்தவர்கள் ஆறே பேர். அவர்களில் சிலரைத் தெருவில் நடந்துபோகும்போதுதான் அவர் கவனித்தார். அவர் பிறந்த ஏப்ரல் 11ஆம் நாள்தான் இன்று உலகப் பார்க்கின்சன் நாள். நம் ஆயுர்வேத மரபில் கம்பவாதம் என்ற பெயர் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கம்பம் என்றால் நடுக்கம்.

காரணம் என்ன என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. மூளையின் அடிப்பகுதியில் கரிய நிறமுள்ள ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள செல்கள் டோபமின் என்னும் இரசாயனப் பொருளைச் சுரக்கின்றன. உடல் இயக்கம் இலகுவாக நடப்பதற்கு அது வேண்டும். அந்தச் செல்கள் மெல்ல மெல்ல அழிவதே பார்க்கின்சன் நோய். நடுக்கம் வெளியே தெரியும்போது அந்தச் செல்களில் பெரும்பகுதி போயிருக்கும்.

இதில் நம் மண்ணின் செடிகளுக்கும் பங்கு உண்டு. 1957இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி அர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கப்படும் ரெசர்பின் மருந்தைக் கொடுத்து முயல்களை அசையாமல் செய்தார். பிறகு டோபா என்னும் பொருளைச் செலுத்தியதும் முயல்கள் எழுந்து நடமாடின. உடலுக்குள் சென்றதும் டோபமினாக மாறும் பொருள் அது. இந்த ஆராய்ச்சி வழியே டோபமினின் வேலை புரிந்தது. 2000ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

அதற்கு இருபது ஆண்டுகள் முன்னதாகவே, 1937இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரன், ஆர். இராமசாமி என்னும் இருவர், பூனைக்காலி விதையிலிருந்து அதே டோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டிருந்தார்கள். பூனைக்காலி என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். காயின் மேலுள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்குமே, அதுதான். அதன் இனத்தைச் சேர்ந்த முக்கூனா கொடியைத்தான் நம் தோட்டங்களில் களை முளைக்காமல் நிலத்தை மூடுவதற்குப் பரப்பியிருக்கிறார்கள். இன்று மருத்துவமனையில் கொடுக்கப்படும் மடோபார், சினமெட் போன்ற மாத்திரைகளில் உள்ள முக்கிய மருந்தும் லெவோடோபாதான்.

உடனே யாரும் தோட்டத்துக்குப் போய் விதை பறிக்க வேண்டாம். 2004இல் இலண்டனில் 8 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் பூனைக்காலிப் பொடி நன்றாகவே வேலை செய்தது. ஆயினும் விதைக்கு விதை அளவு மாறும். ஏற்கெனவே மாத்திரை உண்பவர் இதையும் சேர்த்து உண்டால் மருந்து மிகையாகிவிடும். கொடியில் எல்லாமே ஒரே வகையும் அல்ல.

மின்காப்பு எப்படி வேலை செய்கிறது?

இனி, நம் விண்ணப்பத்துக்குக் காரணமான கருவிக்கு வருகிறேன். மின்சாரத்தால் நடுக்கத்தை அடக்குவது புதிய எண்ணமன்று. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பேராசிரியர் பெனாபிட், மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி, இடைவிடாத மின்துடிப்பால் நடுக்கத்தை நிறுத்திக் காட்டினார். நெஞ்சுத் தோலுக்கு அடியில் மின்கலத்தை வைக்கும் இந்த அறுவைச் சிகிச்சை மலேசியாவிலும் செய்யப்படுகிறது. ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது, செலவும் பெரிது. ஆகவே, மூளையைத் திறக்காமல், கையிலுள்ள நரம்பு வழியாகவே மூளைக்குச் செய்தி அனுப்ப முடியுமா என்று ஆராய்ந்தார்கள்.

அதன் பயனாக வந்ததே மணிக்கட்டுக் கருவி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த காலா ஹெல்த் நிறுவனத்தின் கருவிக்கு, 2018இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் சாதாரண நடுக்கத்துக்காக அனுமதி வழங்கியது. 2022இல் அதன் அடுத்த கருவிக்கு, பார்க்கின்சன் நோயில் கையைத் தூக்கிப் பிடிக்கும்போதும் வேலை செய்யும்போதும் வரும் நடுக்கத்துக்கும் அனுமதி கிடைத்தது.

அது வேலை செய்யும் விதத்தை ஒரு வகுப்பறையைக் கொண்டு விளக்குகிறேன். நாற்பது பிள்ளைகள் ஒரே தாளத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளம் பிடித்துவிட்டால் அதை நிறுத்துவது கடினம். ஆசிரியர் என்ன செய்வார்? வகுப்பை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி என்று மாற்றி மாற்றிச் சொல்லச் செய்வார். கூட்டுத் தாளம் கலைந்துபோகும். நடுக்கத்தின்போது மூளையின் ஒரு பகுதியிலுள்ள நரம்புச் செல்கள் இப்படித்தான் ஒரே தாளத்தில் துடிக்கின்றன. மணிக்கட்டில் இரண்டு நரம்புகள் தோலுக்கு அருகே ஓடுகின்றன: ஒன்று உள்ளங்கைப் பக்கம், மற்றொன்று கட்டைவிரலின் பின்பக்கம். கருவி முதலில் அவரவர் நடுக்கத்தின் வேகத்தை அளந்துகொள்கிறது. பின்பு அந்த வேகத்துக்கு ஏற்றபடி இவ்விரு நரம்புகளையும் மாறி மாறி மெல்லிய மின்துடிப்பால் தட்டுகிறது. அந்தச் செய்தி மூளைக்கு ஏறி, அங்குள்ள தாளத்தைக் கலைக்கிறது. ஒரு தடவைக்கு ஏறத்தாழ 40 நிமிடம் கட்டிக்கொள்ள வேண்டும். அதன் பயன் சிறிது நேரம் நீடிக்கும். பிறகு நடுக்கம் திரும்பிவிடும்.

நமக்கு அருகிலேயே இன்னொரு முயற்சி நடந்திருக்கிறது. பேங்காக்கிலுள்ள சூலாலங்கோர்ன் பல்கலைக்கழக மருத்துவர்கள், நடுக்கத்தை உணர்ந்து கைத் தசைகளுக்கு மின்தூண்டல் கொடுக்கும் ஒரு கையுறையை உருவாக்கினார்கள். மருந்துக்கு அடங்காத ஓய்வு நிலை நடுக்கமுள்ள 30 பார்க்கின்சன் நோயாளிகளிடம் அதைச் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். தூண்டல் நடந்துகொண்டிருந்த வேளையில் நடுக்கம் கணிசமாகக் குறைந்தது. இதிலிருந்து ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்கக் கருவிக்குக் கிடைத்த அனுமதி வேலை செய்யும்போது வரும் நடுக்கத்துக்கு, பேங்காக் கையுறை சோதிக்கப்பட்டது சும்மா இருக்கும்போது வரும் நடுக்கத்துக்கு. "நடுக்கத்துக்கு நல்லது" என்று பொதுவாகச் சொல்லி விற்கும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

எவ்வளவு நம்பலாம்?

நம்பிக்கையாலேயே உடலுக்கு நன்மை தோன்றுவது உண்டு. பார்க்கின்சன் நோயில் இது மிக வலிமையானது. 2001இல் கனடாவில் செய்த ஆய்வில், மருந்தில்லாத வெறும் ஊசியைப் போட்டபோதுகூட, மருந்தை எதிர்பார்த்த நோயாளிகளின் மூளையில் டோபமின் சுரந்தது தெரியவந்தது.

இன்னோர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பாரிஸ் நகரின் பெரிய மருத்துவர் சார்கோ, நெடுந்தூரம் இரயிலிலும் குதிரை வண்டியிலும் பயணம் செய்த நோயாளிகள் இறங்கியதும் நலமாக இருப்பதாகச் சொன்னதைக் கேட்டு, அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்தார். 1892இல் அதைப் பற்றிப் பேசவும் செய்தார். நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 2012இல், சிக்காகோ மருத்துவர்கள் அதை மீண்டும் சோதித்தார்கள். ஒரு குழுவினரை அதிரும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மற்றக் குழுவினரை அதிராத நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இரு குழுவினருமே நலமடைந்தார்கள்! அதிர்வால் தனிப் பயன் ஏதும் தெரியவில்லை. இதனால்தான், உண்மைக் கருவி ஒரு குழுவுக்கு, வேலை செய்யாத போலிக் கருவி மற்றொரு குழுவுக்கு என்று கொடுத்து, யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாமல் சோதிக்கிறார்கள்.

மணிக்கட்டுக் கருவியை அப்படிச் சோதித்தபோது என்ன நடந்தது? சாதாரண நடுக்கமுள்ள 77 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. சுருள் வட்டம் வரையும் முதன்மைச் சோதனையில், உண்மைக் கருவிக்கும் போலிக் கருவிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் கை நடுக்கத்தின் மொத்த மதிப்பெண்ணில் உண்மைக் கருவி அணிந்தவர்கள் அதிக முன்னேற்றம் கண்டார்கள். 2020இல் 263 பேரைச் சேர்த்து, மூன்று மாதம், நாளுக்கு இருமுறை வீட்டிலேயே அணியச் செய்த ஆய்வில் பலருக்கு நடுக்கம் குறைந்தது. ஆனால் அதில் போலிக் கருவிக் குழு இல்லை. ஓர் ஆசிரியனாக இதற்கு மதிப்பெண் போடச் சொன்னால், "தேர்ச்சி உண்டு, முதல் வகுப்பு என்று சொல்ல இன்னும் தேர்வு வேண்டும்" என்பேன். இது மாயமும் அல்ல, மோசடியும் அல்ல. சிலருக்குச் சில நேரம் உதவும் ஒரு துணைக்கருவி.

இரண்டு உண்மைகளை மறக்கக் கூடாது. முதலாவது, இது நோயை நிறுத்தாது. நோயின் ஓட்டத்தைத் தாமதப்படுத்தவும் செய்யாது. இரண்டாவது, பார்க்கின்சன் நோயாளியை அதிகம் முடக்குவது பல நேரம் நடுக்கமன்று. உடல் மந்தமாவதும், தசை இறுகுவதும், நடை தடுமாறுவதுமே. மணிக்கட்டில் எதைக் கட்டினாலும் இவை நீங்கா.

யாருக்கு ஆகாது என்பதும் முக்கியம். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், மூளைக்குள் மின்கம்பி வைத்தவர்கள், வலிப்பு நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைப் பயன்படுத்தக் கூடாது. கட்டும் இடத்தில் தோல் சிவப்பதும் எரிவதும் உண்டு. அமெரிக்காவிலேயே இது மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும்.

பாசார் மாலாமிலும் கைப்பேசி விளம்பரத்திலும் வலிக்கு ஒட்டிக்கொள்ளும் மின்கருவிகள் மலிவாக விற்கின்றன. அவற்றிலும் மின்துடிப்பு உண்டு. அதனால் அவையும் இதுவும் ஒன்று என்று நினைக்கக் கூடாது. அவை அவரவர் நடுக்கத்தை அளந்து அதற்கேற்பத் துடிப்பவை அல்ல. காந்தக் காப்பு, செம்புக் காப்பு என்பவற்றுக்கோ இந்த ஆய்வுகளோடு எந்தத் தொடர்பும் இல்லை. திருவிழாவுக்கு நாம் காப்புக் கட்டுவது விரதத்துக்காக. அதன் பெருமை வேறு. மருத்துவத்துக்குக் கட்டும் காப்புக்கு ஆதாரம் கேட்பது தெய்வ நிந்தனை ஆகாது.

நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் சட்டம் இருக்கிறது. அதன்படி, விற்கப்படும் மருத்துவக் கருவி மருத்துவக் கருவி ஆணையத்திடம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நம்மிடம் வந்த விற்பனையாளரிடம் பதிவெண்ணைக் கேட்டேன். "பிறகு அனுப்புகிறேன்" என்றார். இன்றுவரை வரவில்லை.

தோட்டத்து மக்கள் ஏன் கவனிக்க வேண்டும்?

இது எல்லா நாட்டிலும் உள்ள நோய். குத்துச்சண்டை வீரர் முகமது அலியை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1975 ஜூலை முதல் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரோடு மோதினாரே, அவர்தான். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் என்று கண்டறிந்தார்கள். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை நடுங்கும் கையால் ஏற்றியபோது உலகமே பார்த்தது. அவர் கையை மறைக்கவில்லை.

ஆனால் நமக்கென்று ஒரு தனிக் கவலை உண்டு. தோட்டங்களில் முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடித்தவர்களில் நம் தாய்மார்கள் எத்தனை பேர்! அடித்த களைக்கொல்லிகளில் பாராகுவாட்டும் ஒன்று. 2011இல் அமெரிக்காவில், விவசாய மருந்து அடித்தவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் ஆராய்ந்தபோது, பாராகுவாட்டைக் கையாண்டவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தது. இதனால் பாராகுவாட்தான் காரணம் என்று ஒவ்வொருவரையும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தொடர்பு உண்டு என்பதே ஆய்வின் செய்தி. நம் அரசாங்கம் 2002இல் அதற்குத் தடையை அறிவித்தது. 2006இல் அது தளர்த்தப்பட்டது. இறுதியாக 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தடை வந்துவிட்டது; ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் மருந்து அடித்தவர்கள் இன்று நம் நடுவே முதியவர்களாக இருக்கிறார்கள். மருத்துவரிடம் போகும்போது, "நான் தோட்டத்தில் மருந்து அடித்தவன், அடித்தவள்" என்று தவறாமல் சொல்லுங்கள்.

நோயின் முன்னடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். சாம்பிராணி வாசமும் மல்லிகை வாசமும் தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கைகாலை வீசுவது ஆகியவை நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வரலாம். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடலோடு ஒட்டியிருப்பது, குரல் தாழ்ந்துபோவது, முகத்தில் சிரிப்புக் குறைவது ஆகியவையும் உண்டு. எனக்கு மிகவும் பழக்கமான அடையாளம் கையெழுத்து. ஆலயத்தில் பல்லாண்டு காலம் அர்ச்சனைச் சீட்டுக் கணக்கு எழுதிய ஒரு பெரியவரின் ஏட்டைப் பார்த்தேன். பக்கத்தின் தொடக்கத்தில் முத்துப் போன்ற எழுத்து. கீழே வரவர எறும்பு ஊர்வதுபோல் சிறுத்துவிட்டது. வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். பார்க்கின்சன் என்றார்கள். இப்போது மாத்திரை உண்கிறார், கணக்கும் எழுதுகிறார். சற்று மெதுவாக எழுதுகிறார், அவ்வளவுதான்.

நாம் செய்ய வேண்டியவை

செயலவையின் முன் நான் வைக்கும் யோசனைகள் ஐந்து.

முதலாவது, விண்ணப்பத்தில் கேட்டபடி கருவிகளை மொத்தமாக வாங்க வேண்டாம். நடுக்கத்தின் வகை தெரியாமல் காப்பு வாங்குவது, கண்ணைச் சோதிக்காமல் எல்லாருக்கும் ஒரே மூக்குக்கண்ணாடி வாங்குவது போலாகும்.

இரண்டாவது, கை நடுங்கும் மூத்தோர் ஒவ்வொருவரையும் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வோம். அங்கே பரிந்துரைக் கடிதம் பெற்றால், நம் ராசா சாலையிலேயே துவாங்கு ஜாபார் மருத்துவமனை இருக்கிறது. வண்டியும் துணைக்கு ஓர் ஆளும் இல்லாததால்தான் பலர் போவதில்லை. நிதியை அதற்குச் செலவிடலாம். 1994இல் அமைந்த மலேசியப் பார்க்கின்சன் நோய்ச் சங்கம் கோலாலம்பூரில் இருக்கிறது. குடும்பத்தார் அதன் வழிகாட்டலையும் நாடலாம்.

மூன்றாவது, நரம்பியல் மருத்துவர் ஒருவர், "இவருக்கு இந்தக் கருவி பயன்படும், இவருக்குப் பேஸ்மேக்கரோ வலிப்போ இல்லை" என்று எழுதிக் கொடுத்து, கருவிக்கும் முறையான பதிவு இருந்தால், அந்த ஒருவருக்காக உதவுவதைப் பற்றி நாம் பரிசீலிக்கலாம். முதலில் சில வாரங்கள் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு உண்டா என்றும் கேட்க வேண்டும். கதவை அடைக்கச் சொல்லவில்லை. யார் வருகிறார் என்று பார்த்துத் திறக்கச் சொல்கிறேன்.

நான்காவது, இன்றே செய்யக்கூடியது. அன்னதானக் கூடத்தில் கனமான கைப்பிடியுள்ள கரண்டிகள், விளிம்பு உயர்ந்த தட்டுகள், மூடியும் இரு பிடியும் உள்ள குவளைகள் சில வாங்கி வைப்போம். நடுக்கத்தை உணர்ந்து எதிர்ப்பக்கம் அசைந்து நிலைநிறுத்தும் மின்கரண்டிகூட உலகில் வந்திருக்கிறது; ஆனால் கனமான சாதாரண கரண்டியே பலருக்குப் போதும். முழங்கையை மேசைமேல் ஊன்றிச் சாப்பிட வசதியாக நாற்காலியும் மேசையும் ஒரு வரிசை போடுவோம். தீர்த்தம் கொடுக்கும்போது, நடுங்கும் கைக்கு அடியில் நம் ஒரு கையைத் தாங்கலாகப் பிடிப்போம்.

ஐந்தாவது, மருந்து நேரம். லெவோடோபா மாத்திரை உண்பவர்கள் நேரம் தவறக் கூடாது. அதை உணவுக்கு அரைமணி நேரம் முன்பே உண்பது நல்லது. பருப்பு, தயிர், இறைச்சி போன்ற புரத உணவோடு சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாது. ஆகவே, பூசை நீண்டு பந்தி தாமதமாகும் நாளில், "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று ஒரு பெரியவர் கேட்டால், பசியால் அவசரப்படுகிறார் என்று எண்ணாதீர்கள். அவர் மாத்திரைக்கு நேரம் பார்க்கிறார். பந்தி தொடங்கும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்தால் அவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். கூடவே, நடைப்பயிற்சியும் கைகால் பயிற்சியும் இந்நோயில் உண்மையாகவே நன்மை தருகின்றன. ஆலய மண்டபம் காலை வேளையில் சும்மாதான் கிடக்கிறது. அங்கே வாரம் இருமுறை மூத்தோருக்கு உடற்பயிற்சி நடத்தப் பயிற்சி பெற்ற ஒருவரை அழைக்கலாம்.

பெரியோர்களே, தாய்மார்களே! விஞ்ஞானம் மணிக்கட்டில் கட்டும் காப்பாக வந்திருப்பதைக் கண்டு மகிழ்வோம். நாளை இன்னும் சிறந்தது வரும். இன்று கை நடுங்கும் ஒருவர் நம் பந்திக்கு வராமல் வீட்டிலேயே தனியாகச் சாப்பிடுகிறார் என்றால், அதற்குக் காரணம் கருவி இல்லாதது மட்டுமன்று. சிந்தினால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சமும்தான். அந்த அச்சத்தைப் போக்க மின்சாரம் வேண்டியதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அப்படிப்பட்ட ஒருவரைக் கைபிடித்து அழைத்து வந்து, உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள்.